நாற்பதுக்கு நாற்பது

பிப்ரவரி 2

மின்வாரியத்தில் என் கணவர் சுடலைமணிக்குக் கொடுத்த டைரி இது. அவர் எழுத மாட்டார், என்னிடம் தள்ளிவிட்டார். "ஆராய்ச்சி பண்ணுதவ நீதான, எழுது" என்றார். ஆராய்ச்சி என்று சொல்லும்போது அவர் குரலில் எப்போதும் கொஞ்சம் சிரிப்பு ஒட்டிக்கொண்டிருக்கும். ஐந்து வருடமாகப் பிஎச்.டி. முடிக்காதவளிடம் வேறு எப்படிச் சொல்வார்.

முதல் பக்கம் என்பதால் முறையாகவே தொடங்குகிறேன். பெயர் இசக்கியம்மாள். ஊர் பாளையங்கோட்டை. கல்வியியல் ஆய்வு மாணவி. மாணவி என்று சொல்லிக்கொள்ளும் வயது தாண்டி ரொம்ப நாளாயிற்று. ஆய்வுத் தலைப்பு: பல்கலைக்கழகப் பட்டதாரிகளின் சுயதிறன் நம்பிக்கையும் புத்தாக்கத் திறன்களும். தலைப்பு என்னுடையது அல்ல, என் நெறியாளர் ஞானதுரை சாருடையது. கேள்வித்தாள் அவருடையது. கெடுவும் அவருடையதுதான். மே மாதக் கடைசியில் ஓய்வு பெறுகிறார். அதற்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் நான் வேறு நெறியாளரின் காலைப் பிடிக்க வேண்டும்.

சார் நல்லவர். "நீ யோசிக்காதம்மா, நான் யோசிச்சு வெச்சிருக்கேன்" என்பது அவர் வாய்வழக்கம். ஆய்வுக் குழுக் கூட்டத்தில் யாராவது என்னிடம் கேள்வி கேட்டால் அவரே பதில் சொல்லிவிடுவார். நான் பிஸ்கட் தட்டை நகர்த்தி வைத்துக்கொண்டிருப்பேன். வசதியாகத்தான் இருக்கிறது.

பிப்ரவரி 5

ஊருக்கு வெளியே, பட்டம் வாங்கியும் வேலை கிடைக்காதவர்களுக்குப் புத்தாக்கப் பயிற்சி கொடுக்கும் மையம் ஒன்று இருக்கிறது. இன்று அங்கே முதல் வகுப்புக்குக் கேள்வித்தாள் கொடுத்தேன். நாற்பது வாக்கியங்கள். 'எனக்குப் புதிய யோசனைகள் எளிதில் தோன்றும்', 'தோற்றாலும் மறுபடி முயல்வேன்' இந்த ரீதியில். ஒவ்வொன்றுக்கும் 'முற்றிலும் சரி' தொடங்கி 'முற்றிலும் தவறு' வரை ஐந்து பெட்டிகள். ஒன்றில் டிக் அடிக்க வேண்டும். இதில் சரி தப்பு கிடையாது, மனதில் பட்டதைப் போடுங்கள் என்று சொன்னேன். ஒருவரும் தலை நிமிரவில்லை. ஒரு பெண் பேனாவை உதறி உதறி எழுதினாள்.

நாளையும் மறுநாளும் மற்ற வகுப்புகள்.

பிப்ரவரி 9

எல்லாம் கணினியில் ஏற்றியாயிற்று. முதல் வகுப்புக்காரர்கள் சுமார். மற்றவர்கள் அடேங்கப்பா. அத்தனை பேருக்கும் யோசனை ஊற்றெடுக்கிறது, தோல்வி ஒரு பொருட்டே இல்லை. வாக்கியங்களுக்கு நடுவே சிலவற்றைத் தலைகீழாகவும் வைத்திருந்தோம். 'புதிதாக எதையும் தொடங்கத் தயங்குவேன்' என்பதைப் போல. கவனிக்காமல் டிக் அடிப்பவர்கள் அதில் மாட்டிக்கொள்வார்கள். மற்ற வகுப்புகளில் ஒருவர்கூட மாட்டவில்லை.

இவர் எட்டிப் பார்த்துவிட்டு, "இவ்வளவு தைரியசாலிங்க இருந்தும் நம்ம ஊரு ஏன் இப்படி இருக்கு?" என்று கேட்டார். வேலையைப் பாருங்கள் என்றேன்.

பிப்ரவரி 11

சார் அசந்துவிட்டார். நம்பிக்கைக்கும் புத்தாக்கத்துக்கும் இவ்வளவு நெருக்கமான தொடர்பை அவர் பார்த்ததே இல்லையாம். முதல் வகுப்பு மட்டும் கணக்கைக் கெடுக்கிறது, அதை எடுத்துவிடு என்றார். எடுத்துவிட்டேன். ஏப்ரலில் முடித்துவிடலாமாம். வரும் வழியில் அல்வா வாங்கினேன்.

பிப்ரவரி 13

அல்வாவில் ஒரு பொட்டலத்தைப் பயிற்சி மையத்துக்கும் எடுத்துப்போனேன். அங்கே ஆபிரகாம் என்று ஒரு பி.காம். பையன், துண்டை வாயில் போட்டுக்கொண்டே பணிவாகக் கேட்டான்: "மேடம், கட் ஆஃப் எவ்வளவு வரும்?"

எதற்குக் கட் ஆஃப் என்றேன்.

"அன்னைக்கு எழுதுனோம்ல மேடம். ஆன்சர் கீ வெச்சுப் பாத்தேன். எனக்கு நாப்பதுக்கு நாப்பது."

பல்கலைக்கழகத்திலிருந்து ஏதோ வேலைக்கு ஆள் எடுக்க வந்திருக்கிறார்கள் என்று பேச்சு கிளம்பியிருக்கிறது. முதல் வகுப்பு எழுதி முடித்த சாயங்காலமே கேள்விகள் நாற்பதையும் நினைவிலிருந்து எழுதி, பக்கத்திலேயே சரியான விடையும் போட்டு, வாட்ஸ்அப் குழுவில் அனுப்பிவிட்டார்கள். குரூப் ஃபோர் எழுதி எழுதிப் பழகியவர்கள், பரீட்சை முடிந்தால் விடைக்குறிப்பு வர வேண்டும்தானே. 'எனக்குத் தன்னம்பிக்கை உண்டு' என்பதற்கே சரியான விடை பார்த்து எழுதியிருக்கிறார்கள்.

யார் போட்டது என்று கேட்டேன். பெனாசிர் என்றான். பேனாவை உதறிய பெண்.

வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. இரவுக்கு உப்புமா கிண்டினேன், உப்பு போட மறந்துவிட்டேன்.

பிப்ரவரி 17

நான் ஒன்றும் மாற்றப் போவதில்லை. முடிவுகளைச் சொல்லும் நான்காம் இயலைப் பாதி எழுதிவிட்டேன். ஆனால் அந்தப் பக்கம் காய்கறி வாங்க வேண்டியிருந்ததால் மையத்துக்குள் போய் பெனாசிரைப் பார்த்தேன்.

பி.எஸ்சி. இயற்பியல் படித்தவள், மேலப்பாளையம். வாப்பா இல்லை. உம்மாவுடன் சேர்ந்து வீட்டில் பீடி சுற்றுகிறாள். திட்டப் போகிறேன் என்று நினைத்து எழுந்தே நின்றாள். எப்படிச் செய்தாய் என்று மட்டும் கேட்டேன்.

"கேள்விய வாசிச்சாலே தெரியுதுல்லா மேடம், நீங்க என்ன எதிர்பாக்கீங்கன்னு. நடுவுல உல்டாவா சிலது போட்டிருந்தீங்க. எங்க கிளாஸ்ல பாதிப் பேரு அதுல விழுந்துட்டாங்க. மத்தவங்களாவது தப்பிக்கட்டும்னுதான் கீ போட்டேன்."

எங்கள் துறையில் இரண்டு வருடம் உட்கார்ந்து செய்த கருவி அது. அவள் ஒரு சாயங்காலத்தில் கழற்றி மாட்டியிருக்கிறாள். சரி, பரீட்சை இல்லை என்று தெரிந்திருந்தால் உண்மையில் என்ன போட்டிருப்பாய் என்றேன்.

அவள் யோசிக்கவே இல்லை. "எல்லாத்துக்கும் முடியாதுன்னுதான் மேடம். நமக்கு என்ன வரும்?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. யார் மேல் என்று தெரியவில்லை. இந்தக் கேள்வித்தாளை முதன்முதலில் சோதித்துப் பார்க்கச் சொல்லி சார் என்னிடம் கொடுத்தபோது, எந்தப் பெட்டியில் டிக் போடலாம் சார் என்று அவரிடமே கேட்டவள் நான். அவரும் சொன்னார்.

காய்கறி வாங்காமலே வந்துவிட்டேன்.

மார்ச் 3

சாரிடம் சொன்னேன். சொல்ல வேண்டும் என்று போகவில்லை, பேச்சுவாக்கில் வந்துவிட்டது. கொஞ்ச நேரம் கண்ணாடியைத் துடைத்தார்.

"இசக்கி, எல்லா ஆய்வுலயும் இப்படி ஏதாவது இருக்கும்மா. யாரு போய் மேலப்பாளையத்துல விசாரிக்கப் போறா? நான் இருக்கும்போதே நீ பட்டம் வாங்கிரணும். எனக்கு அதுதான் கவலை."

மிரட்டியிருந்தால் எதிர்த்துப் பேசலாம். உண்மையான அக்கறையோடு சொல்கிறார், என்ன செய்வது. சரி சார் என்றேன். பஸ்ஸில் உட்கார்ந்து மூக்கைச் சிந்திக்கொண்டே வந்தேன். பக்கத்தில் இருந்த அம்மாள் ஜன்னலைச் சாத்தினாள், தூசி என்று நினைத்துக்கொண்டு.

மார்ச் 4

நான்காம் இயல். மூன்று வரி எழுதி நான்கு வரி அடித்தேன்.

மார்ச் 10

மையத்தின் வாசலில் வருகைப் பதிவுக்கு ஒரு விரல்ரேகை இயந்திரம் இருக்கிறது. காலையில் அதன் முன்னால் ரேஷன் கடை வரிசை. சிலரை அது எத்தனை முறை அமுக்கினாலும் ஏற்பதில்லை. ஏற்காவிட்டால் ஆப்சென்ட். ஆப்சென்ட் கூடிவிட்டால் சான்றிதழ் கிடையாது. பெனாசிருக்குப் பாதி நாள் ஆப்சென்ட்தான். பீடி இலையும் தூளும் கத்தரியும் பட்டுப் பட்டு அவள் கட்டைவிரல் வழவழவென்று இருக்கிறது. நோன்பு வைத்துக்கொண்டு வெயிலில் நின்று அமுக்கிக்கொண்டிருந்தாள். உள்ளே வகுப்பில் 'புத்தாக்கச் சிந்தனை' பாடம் நடந்துகொண்டிருந்தது.

அதைப் பார்த்ததும் எனக்கு ஒன்று தோன்றியது. தோன்றியதே தவிர, செய்வதாக இல்லை.

மார்ச் 12

மைய மேலாளரிடம் அனுமதி வாங்கிவிட்டேன். சும்மா கேட்டு வைப்போம் என்றுதான்.

மார்ச் 24

பெருநாள் முடிந்து எல்லோரும் வந்துவிட்டார்கள். இன்று அவர்களைக் குழுக்களாகப் பிரித்து, இது பரீட்சை இல்லை, வேலைக்கும் இல்லை, இதற்கு விடை எனக்கும் தெரியாது என்றேன். கடைசியில் சொன்னதை மட்டும்தான் அவர்கள் நம்பவில்லை.

வாசலில் இருக்கும் இயந்திரம் உங்களைப் படுத்துகிறது. ஒரு வாரத்துக்குள் ஏதாவது செய்யுங்கள். புதிதாக எதையும் வாங்கக் கூடாது. தொடங்குவதற்கு முன் ஒரே கேள்வி: உங்களால் இதைச் சரிசெய்ய முடியுமா? பெட்டி இல்லை, சொந்த வார்த்தையில் எழுதுங்கள், பெயர் வேண்டாம் என்றேன்.

வீட்டில் வைத்து வாசித்தேன். 'கம்பெனிக்காரன் வந்தால்தான் முடியும்.' 'நான் பி.காம்., இது என் பாடம் இல்லை.' 'மேலிடத்தில் சொல்லலாம்.' நிறையப் பேர் ஒரே சொல்லில் 'முடியாது'. நாற்பதுக்கு நாற்பது வாங்கியவர்கள் இவர்கள்தான்.

மார்ச் 31

இந்த வாரம் முழுக்க அங்கேதான் இருந்தேன். துணி துவைக்கவில்லை. இவர் சட்டை இல்லாமல் புலம்பினார், அப்புறம் அவரே துவைத்தார்.

முதல் இரண்டு நாளும் கொடுமை. ஒரு குழு கலெக்டருக்கு மனு எழுதி, எல்லோரிடமும் கையெழுத்து வாங்கியது. நம் ஆட்களுக்கு மனு எழுத யாரும் கற்றுக்கொடுக்க வேண்டாம். இன்னொரு குழு, நீங்களே விடையைச் சொல்லிவிடுங்கள் மேடம், நாங்கள் அழகாக எழுதித் தருகிறோம் என்றது. வாய் வரை வந்ததை விழுங்கிவிட்டு, தெரியாது என்றேன். எனக்கு நிஜமாகவே தெரியாது என்று மூன்றாம் நாள்தான் அவர்களுக்கு உறைத்தது. அன்றைக்குத்தான் எழுந்து வெளியே போய் இயந்திரத்தைப் பார்த்தார்கள்.

ஆபிரகாம் குழு, காலை வெயில் நேராகக் கண்ணாடியில் விழும்போதுதான் அது முரண்டு பிடிக்கிறது என்று கண்டுபிடித்தது. பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையை மடக்கி மேலே கூரை போட்டார்கள். மணமக்கள் பெயரோடு. வரிசை சட்டென்று பாதியானது.

அப்படியும் பெனாசிரையும் இன்னும் சிலரையும் அது ஏற்கவில்லை. அவள் குழு, ஏற்காதவர்கள் எல்லோருடைய பத்து விரலையும் ஒவ்வொன்றாகப் பார்த்தது. மையத்தில் வழக்கமாக எல்லோருக்கும் வலது கட்டைவிரலைத்தான் பதிவார்களாம். ஏன் என்று கேட்டால் யாருக்கும் தெரியவில்லை. பீடி சுற்றுகிறவர்களுக்கு இடது மோதிர விரலில் ரேகை நன்றாக இருக்கிறது என்று பெனாசிர்தான் சொன்னாள். வேலையில் அந்த விரல் சும்மா நிற்கிறதாம். மேலாளரைக் கூட்டிவந்து மறுபடி பதிய வைத்தார்கள். அவள் விரலை வைத்ததும் பச்சை விளக்கு எரிந்தது. யாரும் கைதட்டவில்லை. அவள் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எனக்குத்தான் கண் கலங்கிவிட்டது, ஆய்வாளர் அப்படியெல்லாம் செய்யக் கூடாது.

மனு எழுதிய குழுவுக்கு எதுவும் வரவில்லை. அதையும் குறித்துக்கொண்டேன்.

ஏப்ரல் 2

மறுபடி எழுத வைத்தேன். குடிநீர்த் தொட்டி, பஸ் நேரம் என்று மையத்தில் இருக்கிற வேறு தொல்லைகளைச் சொல்லி, இதை உங்களால் சரிசெய்ய முடியுமா என்ற அதே கேள்வி. தன்னம்பிக்கை பொங்கும் என்று எதிர்பார்த்தேன். பொங்கவில்லை. பெரும்பாலானவர்கள் எழுதியது 'பார்க்கலாம்'. 'போய்ப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.' 'எப்போதெல்லாம் தண்ணீர் நிற்கிறது என்று முதலில் தெரிய வேண்டும்.'

எங்கள் ஐந்து பெட்டிகளில் 'பார்க்கலாம்' என்று ஒரு பெட்டியே இல்லை. முடியும் என்கிறவன்தான் புதிதாகச் செய்வான் என்று சாரும் நானும் இத்தனை வருடம் எழுதிக்கொண்டிருந்தோம். இவர்களோ முடியாது என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்ச் செய்திருக்கிறார்கள். செய்த பிறகுதான் வாய் மாறுகிறது.

மகிழ்ச்சியாக இருக்கிறது. வெறுமனே மகிழ்ச்சி. இதைச் சாரிடம் எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

ஏப்ரல் 20

நான்காம் இயலைப் புதிதாக எழுதி சாரிடம் கொடுத்தேன். முதல் தரவு ஏன் செல்லாது என்பதும் விடைக்குறிப்புக் கதையும் அதில் இருக்கிறது. அவர் பெயர் கெடாதபடி, பழியை என் மேல் போட்டு எழுதியிருந்தேன்.

மே 4

திருப்பித் தந்தார். ஓரத்தில் ஒரு குறிகூட இல்லை. இதை நான் எழுதச் சொல்லவில்லை என்றார். ஆமாம் சார் என்றேன். பழையதைக் கொடுத்தால் இந்த மாதமே கையெழுத்துப் போடுவதாகவும், புதியதென்றால் ஆய்வுக் குழுவைக் கூட்டத்தான் வேண்டும், அவர்கள் என்ன சொல்வார்களோ தனக்குத் தெரியாது என்றும் சொன்னார்.

குழுவைக் கூட்டுங்கள் சார் என்று ஒரு குரல் கேட்டது. என்னுடையதுதான்.

வீட்டில் சொன்னதும் இவர் சிரிக்கவில்லை. "பழசுன்னா இந்த வருசமே டாக்டர். புதுசுன்னா தெரியாது. அப்படித்தான?" என்றார். அப்படித்தான். உனக்குச் சரி என்று பட்டதைச் செய் என்றார். கேள்வியை என்னிடமே திருப்பித் தந்தால் எப்படி. இரண்டு பேரும் தோசை சாப்பிட்டோம்.

மே 11

பெனாசிருக்குச் சான்றிதழ் உண்டு என்று மேலாளர் சொல்லிவிட்டாராம். அத்தோடு, அடுத்து சேர்கிறவர்களுக்கு ரேகை பதியும் பொறுப்பையும் அவளிடமே கொடுத்திருக்கிறார். யாருக்கு என்ன வேலை என்று விசாரித்துவிட்டு, எந்த விரல் என்று அவளே முடிவு செய்கிறாளாம். போனில் சொன்னாள். எனக்குக் கூட்டம் இருப்பதையும் கேட்டாள்.

"பயமா இருக்கா மேடம்?"

இல்லை என்று சொல்லி வைத்தேன்.

மே 22

கூட்டம் முடிந்தது. 

சாரும் குழு உறுப்பினர்கள் இரண்டு பேரும். நான் பேசி முடித்தேன். உறுப்பினர் ஒருவர் முகத்தைச் சுளித்து, முந்தைய தரவை எடுத்துவிட்டுப் புதியதைப் போடும் முடிவை யார் எடுத்தது, ஐந்து வருடத்துக்குப் பிறகு இது என்ன விளையாட்டு என்று கேட்டார். வழக்கம்போல நான் சாரைப் பார்த்தேன். அவர் டீயில் பிஸ்கட்டை நனைத்துக்கொண்டிருந்தார். அது உடைந்து உள்ளே விழுந்தது. ஸ்பூனால் அதைத் தேடத் தொடங்கினார். நிமிரவே இல்லை. இவ்வளவு கோபமா என்று நினைத்தேன்.

வேறு வழியில்லாமல் நானே சொன்னேன். முடிவு என்னுடையது என்று. அப்புறம் எப்படி, ஏன், எதை அளந்தேன், எதை அளக்க முடியவில்லை, மனு எழுதிய குழு உட்பட. அவர்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். பிஸ்கட் தட்டு எங்கே இருந்தது என்றே எனக்குத் தெரியாது. சார் அவ்வளவு நேரமும் அந்த டீயைக் குடித்து முடிக்கவில்லை.

தீர்ப்பு: முறை நன்றாக இருக்கிறது, ஆனால் ஒரு மையம் போதாது. இன்னும் இரண்டு மையங்களில் செய்ய வேண்டும். ஒரு வருட நீட்டிப்பு, நெறியாளர் மாறுவார். இந்த மே மாதம் எனக்குப் பட்டம் இல்லை.

சாரும் நானும் படியிறங்கி வந்தோம். காரின் கதவைத் திறந்தவர் மறுபடி சாத்தினார்.

"ரெண்டு தடவையும் ஒரே கேள்விதான கேட்ட. அப்புறம் எப்படிப் பதில் மாறுச்சு? நீ மேல சொன்னது எனக்குச் சரியா புரியல. மறுபடி சொல்லு."

சார் என்னிடம் இதற்கு முன்னால் எத்தனையோ கேட்டிருக்கிறார், எல்லாவற்றுக்கும் விடை அவரிடம் இருந்தது. இதற்கு இல்லை. வேப்பமர நிழலில் நின்று சொன்னேன். இடையில் மறுத்தார். நானும் மறுத்தேன். அப்படியானால் அடுத்த மையத்தில் கேள்வியை மாற்றிக் கேட்டுப் பார் என்றார். மாற்றினால் ஒப்பிட முடியாது சார் என்றேன். கொஞ்சம் யோசித்து, ஆமாம் என்றார்.

வீட்டுக்கு வந்தால் மாவு பொங்கி மேடையெல்லாம் வழிந்திருந்தது. துடைத்துக்கொண்டே இவரிடம் ஒரு வருடம் போய்விட்டது என்றேன்.

"அழுதியா?" என்று கேட்டார்.

இல்லை என்றேன். சொன்ன பிறகுதான் அது எனக்கே தெரிந்தது.